குடியிருக்க வந்தவர்கள் வீட்டை விற்ற கதை

2022 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். தெற்கு லண்டனில் மிச்சம் என்று ஓர் இடம் இருக்கிறது. (ஆம், ஊர்ப் பெயரே அதுதான். "எங்கே இருக்கிறாய்?" "மிச்சத்தில்." இந்தப் பகிடியைக் கேட்டுக் கேட்டு இருபது வருடமாகிவிட்டது.) டூட்டிங் அண்ட் மிச்சம் கழகத்தின் மைதானம் என் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரம். போனேன். ஆனால் அன்றைக்கு அங்கே சொந்த ஊர் அணியாக இறங்கியது மிச்சக்காரர் இல்லை, சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட சட்டையோடு கிங்ஸ்டோனியன் கழகம். பெயரிலேயே கிங்ஸ்டன் என்ற வேறு ஊர் இருக்கிறது, ஆடுவதோ மிச்சத்தில்.

தேத்தண்ணி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார முதியவர். கழுத்துத் துண்டிலும் அதே சிவப்பு வெள்ளைப் பட்டை. கிங்ஸ்டனில் இருந்தா வருகிறீர்கள் என்று கேட்டேன். "ஓம். எங்கள் கழகம் முதலில் லெதர்ஹெட்டில் ஆடியது, பிறகு டோல்வேர்த்தில், இப்போது இங்கே. ஒவ்வொரு இடத்திலும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது" என்று சிரித்தார். நீங்கள் எந்தக் கழகம் என்று திருப்பிக் கேட்டார். எனது ஜக்கெற் பையுக்குள் நீலமும் மஞ்சளுமாக ஒரு கம்பளித் தொப்பி இருந்தது. "சும்மா பார்க்க வந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் பொய் சொன்னேன் என்பதுதான் இந்தப் பதிவு. நீளம் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீலம் மஞ்சள் என்றால் ஏஎஃப்சி விம்பிள்டன். ரசிகர்களே உருவாக்கி ரசிகர்களே வைத்திருக்கும் கழகம். இதன் கதை உதைபந்தாட்டம் பார்க்கிற பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பழைய விம்பிள்டன் 1988இல் லிவர்பூலை 1–0 என்று வென்று, இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்ஏ கிண்ணத்தைத் தூக்கிய கழகம். 1989இல், மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் பலர் இறந்த ஹில்ஸ்பரோ அனர்த்தம் நடந்தது. அதன் பிறகு வந்த டெய்லர் அறிக்கை பெரிய கழகங்களின் மைதானங்கள் எல்லாம் இருக்கை வைத்தவையாக இருக்க வேண்டும் என்றது. பிளவ் லேன் என்ற தங்கள் சின்ன மைதானத்தை அப்படி மாற்ற முடியாது என்று சொல்லி, 1991இல் விம்பிள்டன் நிர்வாகம் கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில் வாடகைக்குப் போனது. தற்காலிகம் என்றார்கள். 12 வருடம் ஓடியது. இடையில் சொந்த மைதானமும் சூப்பர் மார்க்கெட் கம்பனிக்கு விற்றாயிற்று. காணி இல்லாத கழகத்தைத் தூக்கிக்கொண்டு போவது எவ்வளவு சுலபம்! 2002 மே 28ஆம் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமான எஃப்ஏ அமைத்த மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், கழகம் வடக்கே மில்டன் கீன்ஸ் நகரத்துக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது.

இரண்டு நாளில் ரசிகர்கள் புதுக் கழகம் தொடங்கினார்கள். ஜூன் கடைசியில் விம்பிள்டன் பொதுவெளியில் ஆட்டக்காரர் தேர்வு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் சப்பாத்தோடு வரலாம் என்று அறிவித்தார்கள், இருநூறுக்கு மேல் வந்தார்கள். அணி ரெடி, ஆதரவாளர் ஆயிரக்கணக்கில் ரெடி, விளையாட நிலம்தான் இல்லை. நிலம் கொடுத்தது கிங்ஸ்டோனியனின் மைதானமான கிங்ஸ்மெடோ.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். விம்பிள்டன் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாம் இதை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள், நானும் எத்தனையோ தரம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கிங்ஸ்டோனியன் 1885இல் தொடங்கிய கழகம், பழைய விம்பிள்டனைவிட நாலு வயது மூத்தது. 1989இல்தான் கிங்ஸ்மெடோவுக்குக் குடிவந்தது. 1999இலும் 2000இலும் அடுத்தடுத்து வெம்பிளியில், சின்னக் கழகங்களுக்கான எஃப்ஏ டிராஃபி வென்றது. 2001இல் எஃப்ஏ கிண்ணத்தின் நாலாம் சுற்றுவரை போனது. அந்த அளவு ஓட்டத்துக்குச் செலவழித்த காசுதான் கழுத்தைப் பிடித்தது என்பார்கள். அதே 2001இல் கடனில் கவிழ்ந்தது, அதன் பிறகு கழகம் ஒரு பக்கம் மைதானக் குத்தகை ஒரு பக்கம் என்று பிரிந்தது. ஆக, 2002இல் விம்பிள்டன்காரர் கதவைத் தட்டியபோது, உள்ளே இருந்தவரே தன் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த நிலைமை.

அடுத்த வருடம், 2003இல், அந்தக் குத்தகையை விம்பிள்டன் ரசிகர்கள் வாங்கினார்கள். பங்கு விற்றார்கள், கடன் எடுத்தார்கள். குடியிருக்க வந்தவர் வீட்டுக்காரர் ஆனார், வீட்டுக்காரர் குடியிருப்பாளர் ஆனார்.

அன்றைக்கு அது நல்ல காரியமாகத்தான் தெரிந்தது, இன்றைக்கும் அதைக் கெட்ட காரியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. காணி வியாபாரி எவனாவது வாங்கியிருந்தால் அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியிருக்கும். விம்பிள்டன் வாங்கியபடியால் கிங்ஸ்டோனியன் இன்னும் 14 வருடம் அங்கேயே ஆடியது. வாடகையும் கனக்க இல்லை.

ஆனால் ஒரு மைதானத்தில் இரண்டு கழகம் என்றால் என்ன என்பதை உள்ளே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த வாரம் சனி உனக்கு, அடுத்த வாரம் எனக்கு. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கிண்ணப் போட்டி விழுந்தால் யார் ஞாயிறுக்கோ செவ்வாய்க்கோ மாறுவது? ஜனவரி மழையில் கோல் வாசலுக்கு முன்னால் புல்லெல்லாம் போய்ச் சேறாகக் கிடக்கும், அதற்கு மேல் இன்னொரு ஆட்டம் தாங்குமா என்று யார் முடிவு செய்வது? எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, பாரில் விற்கிற பியர்க் காசு யாருக்கு? சின்னக் கழகங்களுக்கு வாசல் ரிக்கற் காசு ஆட்டக்காரர் சம்பளத்துக்கே காணாது, மிச்சத்தைத் தூக்குவது பாரும் மண்டப வாடகையும்தான். வாடகைக்கு இருக்கிற கழகத்துக்கு அந்த வரும்படி இல்லை. புது ஆதரவாளரைப் பிடிப்பதும் கஷ்டம், ஏனென்றால் மதில் முழுக்க மற்றவனுடைய நிறம். பார்க்கப் பார்க்க விம்பிள்டன் ஏறிக்கொண்டே போனது. தொடர்ந்து 78 லீக் ஆட்டம் தோற்காமல் ஆடினார்கள். 2011இல் நாட்டின் மேல்மட்டத் தொழில்முறைப் பிரிவுகளான ஃபுட்போல் லீக்குக்குள் வந்தார்கள், தொடங்கி ஒன்பதே வருடம். நான் அந்த வருடங்களில் விம்பிள்டனில் 131ஆம் இலக்க பஸ் ஏறிப் போய்ப் பார்த்த ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை முடித்து, நித்திரையை விட்டுவிட்டுப் போனவன். அதே மைதானத்தில் நடுவார இரவுகளில் கிங்ஸ்டோனியன் சில நூறு பேர் முன்னால் ஆடும். ஒரே ஒருதரம் எட்டிப் பார்த்தேன், குளிர் என்று இடைவேளையோடு வந்துவிட்டேன்.

பிறகு விம்பிள்டனுக்குத் தாயகம் திரும்பும் ஆசை. பிளவ் லேனில் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே, நாய் ஓட்ட மைதானம் இருந்த காணியில் புது மைதானம் கட்ட அனுமதி கிடைத்தது. கட்டக் காசு வேண்டும். கிங்ஸ்மெடோவைச் செல்சி கழகத்துக்கு விற்றார்கள், செல்சி தன் பெண்கள் அணிக்கும் இளைஞர் அணிகளுக்கும் எடுத்தது. 2017இல் கிங்ஸ்டோனியன் வெளியே. விம்பிள்டனோ செல்சியிடம் வாடகைக்கு இருந்து 2020வரை அதே கிங்ஸ்மெடோவில் ஆடியது. இதை நான் இரண்டு தரம் எழுதத் தேவையில்லை, நீங்கள் இரண்டு தரம் வாசியுங்கள்.

எங்கள் ஆட்கள் சொல்கிற நியாயங்கள் எனக்கு மனப்பாடம். சட்டப்படி உரிமை இருந்தது. வெறுங்கையோடு அனுப்பவில்லை, காசு கொடுத்தோம். பிளவ் லேன் இல்லாவிட்டால் கழகத்துக்கு எதிர்காலம் இல்லை. எல்லாம் சரி, ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் 1991இல் இருந்து நடந்த ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஒரு முதலாளியைத் திட்டினோம். மைதானத்தை விற்றது அவன், கழகத்தைப் பெயர்த்தது இவன் என்று விரல் நீட்ட ஆள் இருந்தது. 2017இல் யாரைத் திட்டுவது? பெரும்பான்மைப் பங்கு ரசிகர் அறக்கட்டளையிடம், ஆளுக்கு ஒரு வாக்கு. முதலாளி என்று கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். ரசிகர் கழகம் என்றால் காசுக்காரக் கழகங்களைவிட நல்ல மனம் உள்ளது என்று நாங்களாகவே ஒரு சான்றிதழ் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறோம். அது தானாக வருகிற குணம் இல்லை. பலருடைய கையில் இருக்கிற கழகமும் தன் பிள்ளைக்குத்தான் முதலில் சோறு போடும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு ரசிகர் கழகம் என்ற சொல்லே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். குருநகர் பாடுமீனாக இருக்கட்டும், நாவாந்துறை சென் மேரிஸாக இருக்கட்டும், கழகம் ஊருடையது. பிறகு வேறு யாருடையது? இங்கே வந்துதான் ஒரு கழகத்துக்கு முதலாளி இருக்கலாம், அவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று அறிந்தேன். அதனால்தான் விம்பிள்டன் எனக்கு உடனே பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

வடக்கே பெரி என்ற ஊரிலும் இதே சக்கரம் சுற்றியது. மன்செஸ்டர் யுனைட்டட்டை கிளேசர் குடும்பம் வாங்கியதை எதிர்த்து 2005இல் ரசிகர்கள் தொடங்கிய எஃப்சி யுனைட்டட், பெரி கழகத்தின் கிக் லேன் மைதானத்தில் வருடக்கணக்காக வாடகைக்கு ஆடியது. 2015இல் சொந்த மைதானம் கட்டிக்கொண்டது. வாடகை வாங்கிய பெரி 2019 ஓகஸ்டில் காசில்லாமல் லீக்கில் இருந்தே நீக்கப்பட்டது. பெரி ரசிகர்கள் புதுக் கழகம் தொடங்கி, பக்கத்து ராட்கிளிஃபில் வாடகைக்கு ஆடி, 2023இல் ஒருவழியாகக் கிக் லேனுக்குத் திரும்பினார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வீட்டுக்காரரை வெளியேற்றவில்லை, தாங்களாகப் போனார்கள். அதற்காக அவர்கள் உத்தமர்கள் என்று சொல்ல மாட்டேன். கிக் லேன் அவர்கள் கையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ரசிகர் கழகம் ஒன்று இன்னொரு கழகத்தின் மைதானத்தை வாங்கினால், பழைய கழகத்துக்கு அங்கே ஆடும் உரிமையைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதவேண்டும். பிறகு யாருக்கு விற்றாலும் அந்த உரிமையும் சேர்ந்தே போகவேண்டும். மற்றக் கழகத்துக்கு இடம் ஒழுங்கு செய்த பிறகுதான் விற்பனைக்குக் கையெழுத்து. விலை கொஞ்சம் குறையும், குறையட்டும். 2020 தொடக்கத்தில் பிளவ் லேன் வேலைக்குக் காசு தட்டுப்பட்டபோது, வெளி முதலீட்டாளரிடம் போகாமல் எங்கள் ரசிகர்களே கடன் பத்திரத்தில் 50 லட்சம் பவுணுக்கு மேல் சேர்த்தார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டுமா? மூன்று வருடம் முந்தி, 2017இல், ஏன் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை? எனக்கும்தான் தோன்றவில்லை.

இதை எழுதுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி உண்டு. நான் 2001இல் வந்த புதிதில் டூட்டிங்கில் ஒரு தமிழ் வீட்டில் சின்ன அறை. குளிர்பெட்டியில் கீழ்த்தட்டு மட்டும் எனக்கு, குளிப்பது காலை ஆறரைக்கு முன். அந்த அன்ரி கூடாதவ இல்லை. ஆனாலும் சட்டி கழுவும்போது சத்தம் வராமல் கழுவப் பழகினேன், இன்றைக்கும் அப்படித்தான் கழுவுகிறேன். பிறகு நானும் வீடு வாங்கினேன், மோர்ட்கேஜ் கட்ட ஒரு பொடியனை மேல் அறையில் வைத்தேன். ஆறு வருடம் இருந்தான். மகளுக்குப் பள்ளிக்கூடம் கிட்ட வேண்டும் என்று அந்த வீட்டை விற்றபோது, சட்டப்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தேன். முற்பணத்தையும் ஒரு சதம் குறையாமல் கொடுத்தேன். "பரவாயில்லை அண்ணா" என்றான். இரண்டு சூட்கேசும் ஒரு அரிசி குக்கரும். குக்கரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு காரில் ஏறினான்.

அவன் இப்போது குரொய்டனில் வீடு வாங்கிவிட்டான். போன வருடம் குடிபூரலுக்குக் கூப்பிட்டான், போனேன். வீடு முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு, மேலே பின்பக்க அறையின் கதவைத் திறந்து, "இதை மட்டும் வாடகைக்குக் கொடுப்பம் எண்டு இருக்கிறன் அண்ணா, தெரிஞ்ச பொடியன் ஆராவது இருந்தால் சொல்லுங்கோ" என்றான்.