ஆதிவாசியிடம் பட்டா கேட்காதீர்கள்

காட்டில் தலைமுறையாக வாழ்பவர்களுக்கு அவர்கள் குடியிருந்து உழும் நிலத்தின் மீது உரிமை தரும் வன உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2006இல். இன்றைக்கும் மலைக்கிராமத்திலிருந்து மனு கொடுத்த பலருக்கு வரும் பதில் "போதிய ஆவணம் இல்லை" என்பதுதான். படிக்கும்போதே கோபம் வருகிறது. பட்டாவும் வரி ரசீதும் கையில் இருந்தால் அவர்கள் ஏன் இந்தச் சட்டத்தின் கீழ் மனு போடப்போகிறார்கள்? வெள்ளைக்காரன் ஆட்சியில் காடுகளைக் காப்புக்காடாக்கியபோது, அங்கே குடியிருந்தவர்களின் உரிமையைச் சரியாகப் பதியவே இல்லை. அது வரலாற்று அநீதி என்று சட்டத்தின் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது.

எது சான்று என்பதையும் அந்தச் சட்டத்துக்கான விதிகளில் விதி 13 விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. ஊர்ப் பெரியவர் வாயால் சொல்லி, எழுதி வாங்கிய வாக்குமூலம் சான்று. குடிசை சான்று. நிலத்தைச் சமன்படுத்திப் போட்ட வரப்பு, கிணறு, முன்னோரைப் புதைத்த இடம், சாமி கும்பிடும் இடம் எல்லாமே சான்றுதான். குறிப்பிட்ட ஒரு ஆவணம் இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது என்றும் விதிகள் சொல்கின்றன. அப்புறமும் ஒரு பாட்டியின் சொல்லைவிட சாட்டிலைட் படத்தை நம்புவேன் என்று அதிகாரி சொன்னால் என்ன நியாயம்? அந்தப் படத்தில் மரநிழலில் இருக்கும் சமாதிக்கல் எப்படித் தெரியும்?

இதன் விளைவு சின்னதில்லை. மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பி, அதே மாதம் 28ஆம் தேதி அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. அந்த இரண்டு வாரம் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு எப்படிப் போயிருக்கும்!

ஊர் மக்கள் கூடி முடிவெடுக்கும் கிராம சபையை மதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி இருக்கிறது. வேதாந்தா நிறுவனத்தின் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கத்துக்காகக் கேட்ட மலை அது. அங்கே வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களுக்கோ அது அவர்கள் கும்பிடும் சாமி நியம் ராஜாவின் மலை. முடிவைக் கிராம சபைகளிடம் விடச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2013இல் கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. மத்திய அரசும் அதை ஏற்று அனுமதியை மறுத்தது.

உங்களுக்குத் தெரிந்த மலைக்கிராமத்தில் யாருக்காவது மனு தள்ளுபடியாகியிருந்தால் காரணத்தை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். காரணம் சொல்லியே ஆக வேண்டும். மனுக்களைப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழு தள்ளியிருந்தால், 60 நாளுக்குள் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம். மனு எழுத ஆள் வேண்டும், அதற்காவது நாம் போய் உட்காரலாம்.