தடை யாருக்கு, எதற்கு?

"திருநர் இளையோருக்கான பாலின மாற்றச் சிகிச்சை அனைத்தையும் சென்னை உயர் நீதிமன்றம் 2019-லேயே தடை செய்துவிட்டது" என்று பகிரப்படும் செய்தி தவறானது.

அவ்வாண்டு ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த அத்தீர்ப்பு, திருமணப் பதிவு தொடர்பான வழக்கில் பிறந்தது. தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்திருந்தனர். இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது நீதிமன்றம். செய்தியைப் பகிர்வோர் இந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை.

அதே தீர்ப்பில்தான், ஆண் பெண் என்ற வகைக்குள் அடங்காத உடற்கூறுடன் பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தை 'ஒழுங்குபடுத்தும்' அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. ஆகஸ்டில் தமிழக அரசு, உயிராபத்தான நிலைக்கு மட்டும் விலக்கு அளித்து, அதற்கு ஆணை பிறப்பித்தது. பேசவும் அறியாத குழந்தையின் உடலில் பெற்றோரும் மருத்துவரும் எடுக்கும் முடிவைத்தான் அது தடுக்கிறது.

தன் பாலினத்தைத் தானே உணர்ந்து மருத்துவரை நாடும் இளையவரின் நிலை முற்றிலும் வேறு. மனநல ஆலோசனையையோ ஹார்மோன் சிகிச்சையையோ அத்தீர்ப்பு தடை செய்யவில்லை. அதே ஆண்டில் நிறைவேறிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவோ, இவற்றுக்கான வசதியை அரசே செய்துதர வேண்டும் என்று வகுத்தது.