குழித் திறப்புக்கும் நகல் உண்டு

உப்புவெளியில் வாடகை அறைகள் வைத்திருக்கும் தம்பி, "பக்கத்தில் குழி குழியாக இருக்கும் திறப்புக்கு யாராலும் நகல் வெட்ட முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. குழி தோண்டவும் மெஷின் இருக்கிறது; வெட்டாத வெற்றுத் திறப்பு கையில் கிடைத்தால் போதும்.

உண்மையான தடை, அந்த வெற்றுத் திறப்பு கண்ட கடையில் கிடைக்காமல் இருப்பதுதான். அதற்குத்தான் காப்புரிமை. அதுவும் பொதுவாக 20 வருடம்தான், அப்புறம் மற்றவர்களும் செய்து விற்கலாம். சில கம்பனிகள் திறப்புக்குள்ளேயே அசையும் துண்டு ஒன்றை வைக்கின்றன. முல்-டி-லொக் இன்டராக்டிவ் என்ற பூட்டின் திறப்பு அப்படிப்பட்டது. வெறும் உலோகத்தைத் தோண்டி அதைச் செய்ய முடியாது. வாங்கும்போது காப்புரிமை எப்போது முடிகிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று, பின்னால் கடல் தெரிய அறைத் திறப்பைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அழகான படம்தான், ஆனால் உடனே நீக்கிவிடுங்கள். 2008இல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 195 அடி தூரத்தில் எடுத்த படத்திலிருந்தே சாதாரணத் திறப்பு ஒன்றுக்கு நகல் வெட்டத் தேவையான வெட்டு ஆழங்களைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். உங்களுடையது கைக்கெட்டும் தூரத்தில் எடுத்தது.