மண்ணெண்ணெய் வேண்டாமே

கொடைக்கானல் ஏரிக்கரைக் குதிரைகளுக்கு மண்ணெண்ணெய் பூசினால் கோடை முழுக்க ஈ அண்டாது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வாடை இருக்கும்வரை ஈ கொஞ்சம் விலகும், அவ்வளவுதான். ஆனால் தோல் எரிந்து கொப்புளிக்கும். சேண வார் உரசும் வயிற்றடியில் முடி கொட்டிப் புண்ணாகும். அந்தப் புண்ணிலேயே ஈ மொய்க்கும், அப்புறம் என்ன லாபம்?

காலை மாற்றி மாற்றித் தரையில் உதைக்கிற குதிரையைக் கடிப்பது பெரும்பாலும் லாய ஈ. அது முட்டையிடுவது லத்தியும் ஈர வைக்கோலும் சேர்ந்து அழுகும் குப்பையில். வெதுவெதுப்பான நாட்களில் சுமார் 3 வாரத்தில் முட்டை ஈயாகிவிடும். அதற்குள் கூளத்தை அள்ளிப் பரப்பிக் காயவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது.

பெரிய குதிரை ஈ வேறு ரகம். வெயிலில்தான் கடிக்கும், இருட்டான கொட்டகைக்குள் அதிகம் வராது. உச்சி வேளையில் உள்ளே கட்டுங்கள், சரியா?