மரத்தை வெட்டினால்தான் அந்த மலை பிழைக்கும்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இயற்கை ஆர்வலர்கள் விடுமுறை நாளில் மலையேறும்போது கையில் ரம்பத்தோடு போவார்கள். மரம் வெட்டத்தான். நம்மூரில் யாராவது இப்படிப் போனால் மறுநாளே மீம் போட்டுக் கிழித்துவிடுவோம். அவர்கள் செய்வதுதான் சரி என்பது என் கட்சி.

அந்நகரத்தை ஒட்டிய டேபிள் மலையிலும் அதைச் சுற்றியும் இருப்பது ஃபின்போஸ் என்ற புதர்க்காடு. குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்று மத்தியதரைக்கடல் நாடுகளின் அதே பருவநிலை. போட்டோவில் பார்த்தால் சப்பென்றிருக்கும். இடுப்பளவுக்குச் சொரசொரப்பான செடிகள், கோரை மாதிரி ஏதோ ஒன்று, நடுநடுவே பாறை. இதைப் போய் எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கேப் பகுதியில் மட்டும் சுமார் 9,000 தாவர இனங்கள் இருக்கின்றன. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் உலகில் வேறெங்கும் கிடையாது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் பரப்பில் அரை சதவீதம்கூட வராத இடம் அது, அந்தக் கண்டத்துத் தாவர இனங்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை வைத்திருக்கிறது. யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது சும்மா இல்லை.

இந்தச் செடிகளுக்குத் தீ வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை, சில இடங்களில் முப்பது ஆண்டுக்கு ஒருமுறை, எரிந்தாக வேண்டும். புரோட்டியா என்ற பூச்செடிகளில் பல, விதையைக் கெட்டியான கூம்புக்குள் வருடக்கணக்கில் அடைத்து வைத்திருக்கும். தீயில் செடி செத்த பிறகுதான் கூம்பு திறந்து சாம்பல் மேல் விதை விழும். வேறு பல செடிகள் பொறுப்பை எறும்பிடம் விட்டுவிடுகின்றன. விதையின் நுனியில் எண்ணெய்ச் சத்துள்ள ஒரு பொட்டுச் சதை ஒட்டியிருக்கும். எறும்பு அதற்கு ஆசைப்பட்டு விதையோடு சேர்த்துப் புற்றுக்குள் இழுத்துப் போகும், சதையைத் தின்றுவிட்டு விதையை அங்கேயே போட்டுவிடும். இனி எலிக்கும் எட்டாது, தீயும் சுடாது. இப்போது அர்ஜென்டினா எறும்பு உள்ளே புகுந்து உள்ளூர் எறும்பைத் துரத்துகிறது. அது விதையைப் புதைப்பதில்லை. வெளியிலேயே சதையைக் கடித்துவிட்டுப் போய்விடும், மிச்சத்தை எலி தின்னும். அடுத்த தீக்குப் பிறகு அந்த இடத்தில் முளைப்பதற்கு விதையே இருக்காது. புகை பட்டால் மட்டுமே முளைக்கிற விதைகளும் உண்டு. கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் புகைச்சத்து ஏற்றிய காகிதத்தைப் பாக்கெட்டில் விற்கிறார்கள், தண்ணீரில் போட்டு அதில் விதையை ஊறவைக்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட இடத்தைப் பார்த்து, மரமில்லாத வெற்று நிலம் என்று முடிவு கட்டினார்கள் காலனிக் காலத்து ஆட்கள். ஐரோப்பாவிலிருந்து பைன் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஹேக்கியாவும் வாட்டில் எனப்படும் அகேசியா மரங்களும் வந்தன. கேப் டவுனை ஒட்டிய கேப் ஃபிளாட்ஸ் சமவெளியில் மணல் பறக்காமல் இருக்க 19ஆம் நூற்றாண்டில் நட்ட ஆஸ்திரேலிய அகேசியாக்கள், நட்ட இடத்தோடு நிற்கவில்லை. நிழல் விழுந்த இடத்தில் புதர் சாகும். பைனும் அகேசியாவும் அடர்ந்த காட்டில் தீப்பிடித்தால் சூடு மண்ணுக்குள் இறங்கி, பத்திரமாகக் கிடந்த விதையையும் வேகவைத்துவிடும். 2021 ஏப்ரலில் மலைச்சரிவில் பற்றிய தீ கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து நூலகத்தின் ஜேகர் வாசிப்பறையை எரித்ததே, நினைவிருக்கிறதா? நூலகம் எரிந்த செய்தியைத் தமிழர்களால் சாதாரணமாகக் கடக்க முடியாது.

தண்ணீர்க் கணக்கு இன்னும் மோசம். 2018இல் கேப் டவுன் 'டே ஜீரோ'வின், அதாவது குழாயில் தண்ணீரை நிறுத்தும் நாளின், விளிம்பில் நின்றபோது உலகமே பார்த்தது. அந்த நகரத்துக்குத் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்பு மலைகளில் அயல் மரங்கள் உறிஞ்சுவது ஆண்டுக்கு சுமார் 5,500 கோடி லிட்டர் என்று மதிப்பிட்டார்கள். நகரத்தின் இரண்டு மாதத் தேவை! கடல்நீரைக் குடிநீராக்குவதைவிட மரத்தை வெட்டுவது மலிவு என்பதும் அதே கணக்கில் வந்ததுதான். இதை முன்கூட்டியே புரிந்துகொண்டவர் நெல்சன் மண்டேலா அமைச்சரவையில் நீர்வளத்துறை பார்த்த காதர் அஸ்மால். 1995இல் 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' திட்டம் தொடங்கியது அவர் காலத்தில். வேலையில்லாத ஏழைகளுக்குச் சம்பளம் கொடுத்து அயல் மரங்களை அகற்றும் திட்டம். சூழலையும் கூலியையும் ஒரே முடிச்சில் போட்ட அரசியல்வாதி எத்தனை பேர் இருக்கிறார்கள்?

எதிர்ப்பும் உண்டு. கேப் டவுனின் டோக்காய் பகுதியில் பைன் தோப்பை வெட்டப்போனபோது, நிழலில் நடந்து பழகிய அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை, வெயில் ஊரில் நிழல் என்பது ஆடம்பரம் இல்லை. ஆனால் நிழல் மரத்தைத் தெருவிலும் பூங்காவிலும் வளர்க்கலாம். அங்கே மண்ணுக்குள் கிடந்த மணற்பாங்கு ஃபின்போஸை வேறெங்கே கொண்டுபோய் வைப்பது? பைனை வெட்டித் தீ வைத்த இடங்களில், பல பத்தாண்டுகள் புதைந்திருந்த விதைகள் முளைத்து வந்தன. இயற்கையில் அழிந்தே போன எரிக்கா வெர்ட்டிசில்லாட்டா என்ற ஃபின்போஸ் செடியைப் பூங்காக்களில் மிஞ்சிய செடிகளிலிருந்து பெருக்கி, கேப் ஃபிளாட்ஸ் மண்ணில் மறுபடி நட்டார்கள்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் நீலகிரி பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே 'சீகை' என்கிறோமே, அந்தக் கருப்பு வாட்டில் கேப் மலைகளை அரிக்கும் அதே இனம். வெள்ளைக்காரன் புல்வெளியைப் பார்த்து அதே தப்பான முடிவுக்கு வந்து நட ஆரம்பித்ததுதான். சோலைக்கு நடுவிலிருந்த புல்வெளி அப்படித்தான் போனது. நாம் இன்னும் புல்லும் புதரும் இருக்கிற இடத்தைத் தரிசு என்று எழுதி வைத்து, மரக்கன்றோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வெட்டினால் மட்டும் போதாது என்பதையும் கேப் அனுபவம் காட்டியது. அகேசியா விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிவிட்டுத் திரும்பி வராமல் போன இடங்களில் முன்பைவிட அடர்த்தியாக வந்திருக்கிறது. அதனால்தான் 1987இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து துரு நோய் உண்டாக்கும் ஒரு பூஞ்சையைக் கொண்டுவந்து அகேசியா சலிக்னா என்ற இனத்தின் மேல் விட்டார்கள். அதோடு சேர்த்து, நாற்றுப் பிடுங்கும் வேலைக்கு வருடா வருடம் காசு ஒதுக்கியாக வேண்டும். பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவதும் அந்தக் காசில்தான்.

தமிழ்நாட்டிலும் அயல் மரங்களை அகற்றக் கோர்ட் உத்தரவு வந்தது, 2022இல் கொள்கையும் வந்தது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் நண்பர்களே, உங்கள் பக்கம் சீகையை வெட்டிய இடத்தில் இப்போது முளைத்திருப்பது புல்லா, மறுபடியும் சீகையா? கமெண்டில் படத்தோடு போடுங்கள்.