ஒரு தவணையாவது நில்லுங்கள்

ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த என் தங்கையின் பேத்தி, பல்கலைக்கழக விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்து ஏதாவதொரு பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் ஆங்கிலம் படிப்பிக்க விரும்புவதாகவும், அதற்கு நான் ஒழுங்கு செய்து தர வேண்டுமென்றும் சென்ற வாரம் வட்ஸ்அப்பில் கேட்டாள். எவ்வளவு காலம் நிற்பாய் என்றேன். யூலைக் கடைசியிலிருந்து ஐந்து வாரம் என்றாள். வழமையான நாட்காட்டிப்படி அப்போது இரண்டாம் தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும். அது முடிந்த கையோடு பாடசாலைகள் ஓகஸ்ட் விடுமுறைக்குப் பூட்டப்படும். நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அந்த நாட்களிலேயே வரும். அவள் படிப்பிக்க வருகிற நேரத்தில் வகுப்பில் பிள்ளைகளே இருக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவளுக்குச் சொன்ன பதிலையே, அவளைப் போல ஆண்டுதோறும் கேட்கிறவர்களுக்காகவும் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, தீவகத்திலுள்ள ஒரு சிறிய பாடசாலைக்கு வாரத்தில் இரண்டு நாள் கணிதம் படிப்பிக்கப் போய்வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரே ஆண்டுக்குள் வெளிநாட்டிலிருந்து மூன்று தொண்டர்கள் ஒருவர் பின் ஒருவராக அங்கே ஆங்கிலம் படிப்பிக்க வந்தார்கள். மூவரும் நல்ல பிள்ளைகள். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. முதலாமவர் தன்னை அறிமுகஞ் செய்வது எப்படி என்பதிலும் நிறங்களின் பெயர்களிலும் தொடங்கி, நான்காவது வாரம் கண்ணீரோடு விடைபெற்றார். இரண்டாமவருக்கு முதலாமவர் விட்ட இடத்தைச் சொல்ல எந்தக் குறிப்பும் இருக்கவில்லை; ஆகவே அவரும் அறிமுகத்திலும் நிறங்களிலுமே தொடங்கினார். மூன்றாமவர் வந்து பெயரைக் கேட்டபோது, தரம் 7 பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில், வயதையும் விருப்பமான நிறத்தையும் சேர்த்தே ஒப்புவித்துவிட்டார்கள். மூன்று நாட்டு உச்சரிப்பில் தங்கள் பெயரைச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். பாடநூலின் நான்காம் அலகு மட்டும் திறக்கப்படாமலே கிடந்தது. அந்த மூன்று தடவையும் நிரந்தர ஆங்கில ஆசிரியை வேறு வகுப்புக்கு அனுப்பப்பட்டார் என்பதையும், தவணைப் பரீட்சைப் புள்ளிகள் குறைந்தபோது விளக்கம் கேட்கப்பட்டவர் அவரே என்பதையும் நான் சொல்லாமல் விட முடியாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கலாம். நானும் பிறநாட்டில் படிப்பித்தவன்தான், ஆனால் தொண்டுக்கு அல்ல, சம்பளத்துக்கு. 1976 இல் நைஜீரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்த பின்னர் அங்கே ஆசிரியர்களுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. யாழ்ப்பாணத்துக் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் பலர் அக்காலத்தில் அங்கு போனதுபோல நானும் 1981 இல் ஈராண்டு ஒப்பந்தத்தில் அந்நாட்டின் வடபகுதிக்குப் போனேன். என் ஆங்கிலம் அவர்களுக்கு விளங்கவில்லை, அவர்களுடையது எனக்கு விளங்கவில்லை. நான் ‘விளங்கிற்றா’ என்று கேட்பேன். ‘ஓம் மாலம்’ என்று வகுப்பு முழுவதும் சொல்லும். ‘மாலம்’ என்றால் ஹௌசா மொழியில் ஆசிரியர். அந்த ‘ஓம்’ மரியாதைக்குச் சொல்லப்பட்டதேயொழிய விளங்கியதற்காக அல்ல என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு முழுத் தவணை பிடித்தது. ஐந்து வாரத்தில் நான் திரும்பியிருந்தால், மிகச் சிறப்பாகப் படிப்பித்துவிட்டு வந்தேன் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பேன்.

வெளியிலிருந்து வந்து படிப்பித்தவர்களை யாழ்ப்பாணம் அறியாததல்ல. 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலைக்கு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எலைசா அக்னியூ 1840 இல் வந்து, ஏறத்தாழ 40 ஆண்டு படிப்பித்து, ஒரு தடவையேனும் அமெரிக்கா திரும்பாமல் 1883 இல் இந்த மண்ணிலேயே இறந்தார். மானிப்பாயில் அதே மிஷனின் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழைக் கற்று, மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். அவர்களுடைய மதநோக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. என்றாலும் வந்த இடத்தின் மொழியையும் காலத்தையும் அவர்கள் மதித்தார்கள். 1961 இல் தொடங்கிய அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பும் (அதை ‘அமைதிப் படை’ என்று மொழிபெயர்த்தால் எங்கள் ஊரில் இந்திய இராணுவம் வந்திருந்த காலமே நினைவுக்கு வரும்) தன் தொண்டர்களுக்குச் சில மாத மொழிப் பயிற்சி கொடுத்து, 2 ஆண்டு நிற்க வேண்டும் என்றே விதித்தது. அந்த அமைப்பு முதன்முதலில் கானாவுக்கு அனுப்பியவர்களும் ஆசிரியர்கள்தான்.

தொண்டர் ஆசிரியர் என்ற சொல்லுக்கே எங்கள் மாகாணத்தில் வேறொரு கனம் உண்டு. யுத்த காலத்தில், நிரந்தர ஆசிரியர்கள் போக முடியாத இடங்களில், சொற்பக் கொடுப்பனவுக்கோ ஒன்றுமில்லாமலோ படிப்பித்த எங்கள் இளைஞர்களையும் யுவதிகளையுமே நாங்கள் அப்படி அழைத்தோம். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பின்னர் வீதியோரத்தில் பந்தல் போட்டு இருக்க வேண்டியிருந்தது. ஐந்து வாரம் நின்றவருக்கு மாலையும் பத்திரிகையில் படமும், ஐந்து ஆண்டு நின்றவருக்கு வெயிலும் என்ற இந்த வழக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குப் பங்கில்லை; குற்றம் எங்களுடையது.

அப்படியானால் ஐந்து வாரம் மட்டுமே உள்ளவர்கள் வரவே கூடாதா? வரலாம், வகுப்பைப் பொறுப்பெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. எங்கள் கிராமப்புறத்து ஆங்கில ஆசிரியைக்கு இலக்கணம் தெரியாமலில்லை. ஆனால் பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்த நாள் முதல் அவரோடு ஆங்கிலத்தில் கதைக்க ஊரில் ஒருவருமில்லை. பேசிப் பழகாத கூச்சத்தில் அவர் பாடத்தையும் தமிழிலேயே நடத்திவிடுகிறார். பாடசாலை விட்டதும் ஒரு மணிநேரம் அவரோடு கதைத்துக்கொண்டிருங்கள். வகுப்பில் அவருக்குப் பக்கத்தில் நின்று பாடநூலின் உரையாடலை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். அவர் இன்னும் இருபது ஆண்டு அங்கே படிப்பிப்பார். ஒரு கொப்பியில், எந்த வகுப்பில் எந்த அலகுவரை வந்தோம் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிவைத்துவிட்டுப் போங்கள். அதிபரின் வாய்ப்பேச்சோடு நிற்காமல் வலயக் கல்வி அலுவலகத்தின் எழுத்து அனுமதியோடு வாருங்கள். பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் முகநூலில் போடாதீர்கள்.

தங்கையின் பேத்திக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மறுபக்கம் நெடுநேரம் சத்தமில்லை. கோபித்துவிட்டாள் என்றே நினைத்தேன். நேற்று மறுபடியும் எடுத்தாள். பட்டப்படிப்பு முடிந்ததும் முதலாம் தவணை முழுவதும் நிற்க வரலாமா, அதற்குள் தமிழ் வாசிக்கப் பழக யாரிடம் போவது, நெடுந்தீவுப் படகில் சத்தி வருமா என்று மூன்று கேள்விகள் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு மட்டும், வரும் என்று உடனேயே பதில் சொன்னேன்.