ஒப்பீட்டுக் கோட்டுக்குள் திருகோணமலை எப்போது வந்தது?

இலங்கைக் குடும்பமொன்றின் மாதச் செலவு 63,130 ரூபாய், இந்தியாவில் கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய் என்று ஒப்பிடும் படமொன்றை எங்கள் ஊரான திருகோணமலையின் நண்பர்கள் பலர் பகிர்ந்திருந்தார்கள். மூன்று இலக்கங்களும் அரச ஆய்வுகளில் உள்ளவைதான். ஆனாலும் அவற்றை அருகருகே வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் இலக்கம், 2019ஆம் ஆண்டின் இலங்கை வீட்டலகு வருமான, செலவின அளவீட்டில் வரும் ஒரு முழுக் குடும்பத்தின் செலவு. மற்றவை இரண்டும் 2022-23இல் ஓர் ஆளுக்குரியவை. இலங்கைக் குடும்பத்தின் சராசரி அளவு 3.7 பேர் என்பதால் தலைக்கு 17,000 ரூபாய் அளவில் வரும். இதை இந்திய ரூபாயாக்கினால் கூத்து இன்னும் பெரிது. ஓர் இந்திய ரூபாய் ஏறத்தாழ இரண்டரை இலங்கை ரூபாயாக இருந்த 2019இன் வீதத்தில் அது 6,800 ஆகி இந்திய நகரவாசியை முந்துகிறது. 2022 இறுதியில் இருந்த 4.40 என்ற வீதத்திலோ 3,900க்கு இறங்கி இந்தியக் கிராமத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. சாப்பிட்ட சோறும் கறியும் மாறவில்லை, நாணயமாற்று வீதம்தான் மாறியது. இதனால்தான் உலக வங்கி இரு நாடுகளிலும் ஒரே வகைப் பொருட்களின் விலைகளைத் திரட்டி, ஒரே பொருளை வாங்க எந்த நாட்டில் எவ்வளவு காசு வேண்டும் என்று காட்டும் கொள்வனவுச் சக்திச் சமநிலை வீதங்களைக் கணித்து வெளியிடுகிறது.

ரூபாயில் கூடிய செலவைக் கூடிய நுகர்வாக எண்ணுவதும் அதே தவறுதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த அந்த மாதங்களில், பாரை வாங்கிப் பழகிய வீடுகள் சாளைக்கு இறங்கி, அதையும் அரைக் கிலோவாகக் குறைத்து, முன்பைவிடக் கூடுதலான காசைச் சந்தையில் கொடுத்துவிட்டு வந்தன. அந்தச் செலவு கணக்கில் ஏற்றமாகவே பதிவாகும்.

இன்னொன்று, குடும்பத்தின் கைக்காசிலிருந்து போகாத நுகர்வு. 1945 முதல் எங்களுக்குக் கல்வி இலவசம், அரச வைத்தியசாலையில் சிகிச்சையும் இலவசம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக்குக் கட்டும் கட்டணம் குடும்பச் செலவில் சேரும்; இங்கே அதே வயதுப் பிள்ளையின் வகுப்பறைச் செலவு அரசின் கணக்கில் போகும். (ரியூசன் காசு மட்டும் தவறாமல் எங்கள் பக்கத்தில் ஏறிவிடும்.) இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் யார் அதிகம் நுகர்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

இவை எந்த ஊரில் இருந்து பார்த்தாலும் தெரியும் குறைகள். இப்படிப்பட்ட ஒப்பீடுகளை இருபது வருடங்களுக்கு நீட்டிக் கோடாக வரைபவர்களும் உண்டு. திருகோணமலையிலிருந்து பார்ப்பவருக்கு, அந்தக் கோடு நீளும் காலமே பெரிய கேள்வி. இலங்கையின் இதே அளவீட்டில், 2002ஆம் ஆண்டு வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2006 ஜூலையில் தொடங்கி 2007 ஜூனில் முடிந்த அளவீட்டில் கிழக்கின் மற்ற மாவட்டங்கள் சேர்ந்தன. வட மாகாணத்தோடு திருகோணமலை மாவட்டமும் விடப்பட்டது. அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான மாவிலாறுச் சண்டையைத் தொடர்ந்து எங்கள் மாவட்டத்து மூதூர் மக்கள் உடுத்த துணியோடு வெளியேறிய காலம் அது. வீட்டுக்கு வீடு சென்று கணக்கெடுக்க முடியாத நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆண்டுக்கான இலங்கைச் சராசரி, செலவழிக்க எதுவும் இல்லாமல் முகாம்களில் இருந்தவர்களை விட்டுவிட்டுப் போட்ட சராசரி. 2009/10இல் நாங்கள் கணக்குக்குள் வந்தோம். இருபத்தைந்து மாவட்டங்களும் சேர்ந்தது 2012/13இல்தான்.

இந்தியப் பக்கத்திலும் ஓட்டை உண்டு. 2017-18இல் நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிடுவதில்லை என்று 2019 நவம்பரில் அந்த நாட்டு அரசு அறிவித்துவிட்டதால், 2011-12க்கும் 2022-23க்கும் இடையே வெளியான இன்னொரு முழு ஆய்வு இல்லை. பிந்தைய ஆய்வில் கேள்வி கேட்ட முறையும் மாறிவிட்டது. இப்படியிருக்க இருபது வருடக் கோட்டை வழுவழுவென்று வரைந்து காட்டுபவர்கள், இடையில் எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்று படத்தின் அடியிலாவது எழுத வேண்டும். 2012/13க்குப் பிந்திய ஒப்பீடு என்றால், தலைக்கணக்கும் விலைமட்டமும் சரிசெய்யப்பட்டிருந்தால், நான் உட்கார்ந்து வாசிக்கத் தயார். அதற்கு முந்திய இலங்கைக் கோட்டை எங்கள் மாவட்டத்துக்கும் சேர்த்து நீட்டுவதை ஏற்க மாட்டேன்.